தோமாஸ் ரிவேரா

ஐக்கிய அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்துக் கிரிஸ்டல் நகரில், 1935-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் நாள் தோமாஸ் ரிவேரா பிறந்தார். பெற்றோர் மெக்ஸிகோவினின்று குடியேறிய ஏழைத் தொழிலாளர். பருவந்தோறும் பயிர்வேலை நாடி வடமாநிலங்களுக்குச் செல்வது அக்குடும்பத்தாரின் வழக்கமாதலால், பாலகனின் கல்வி அடிக்கடி தடைப்பட்டது. ஆயினும், ஐயோவா மாநிலத்தில் நூல்நிலையப் பெண்மணி ஒருவர் அன்புடன் ஈந்த புத்தகங்கள் அவரது அறிவுப்பசியை வளர்த்தன. வயலில் உழைத்தும் கல்லூரியில் பயின்றும் ஆசிரியராகி, 1969-ல் ஒக்லஹோமா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அமெரிக்காவிலுள்ள மெக்ஸிகோ வமிசத்தாருள் உரிமைக்காகக் கிளர்ந்தெழுந்தோர் தம்மைச் சிகானோக்கள் என அழைத்துக்கொண்டனர். அவர்தம் இலக்கியத்துள் தலைசிறந்தவற்றுள் ஒன்று, ரிவேரா ஸ்பானிய மொழியில் இயற்றி 1971-ல் வெளிவந்த சிறு நாவல். அதன் நாயகன் பெயரற்ற ஒரு சிறுவன். கடும் வெயிலில் தந்தையும் தம்பியும் நோயுற்று வாடக்கண்டு அவன் கடவுளை நிந்திக்கிறான், பூமி தன்னை விழுங்கிவிடுமென அஞ்சுகிறான், பூமியோ விழுங்கவில்லை. நூலின் பெயரும் அக்கருத்தினதே. பெயரின்றி மறைந்த கூலியாட்களின் துயரை அச்சிறுவன் வாயிலாக உலகம் அறிந்தது.

1979-ல் ரிவேரா கலிபோர்னியா சர்வகலாசாலையின் ரிவர்ஸைட் கிளைக்குத் தலைவரானார். அச்சர்வகலாசாலையில் அத்தகைய பதவியை வகித்த முதல் மெக்ஸிகோ வமிசத்தார் இவரே. எழுதத் தொடங்கிய இரண்டாம் நாவல் முற்றுப்பெறுமுன், 1984 மே 16-ல், தமது 48-ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார்.

எழுதுகோலுக்குரிய காலத்தைப் பிறர் கல்விக்கு ஈந்தது நட்டமோ எனச் சிலர் ஐயுறலாம். ரிவர்ஸைடிலுள்ள பெரிய நூல்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு நூல்நிலையத்தால் வாழ்வு பெற்றவர்க்கு இதனினும் ஏற்ற நினைவுச்சின்னம் யாது?