ஹார்மோன் ஆய்வாளர் அடால்ஃப் பூட்டனான்ட்

மாதவிடாய் நின்ற பெண்கள் இன்று தோலில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோன் பட்டைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனான்ட். 1903இல் பிறந்த அவர், தமது 26ஆவது வயதில், கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து எஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் அதே 1929இல் இதைச் சாதித்திருந்தார். 1934இல் புரொஜெஸ்டிரோனும் பூட்டனான்டின் கைக்கு வந்தது.

ஆய்வகத்துக்கு வெளியே அவரது வரலாறு அவ்வளவு தூயதல்ல. யூதர் என்பதால் வெளியேற்றப்பட்ட கார்ல் நாய்பெர்க் வகித்த பெர்லின் உயிர்வேதியியல் ஆய்வக இயக்குநர் பதவியை 1936இல் ஏற்றார். அதே ஆண்டு நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். ஆயினும், 1939இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அதை மறுக்குமாறு அவர் நிர்ப்பந்திக்கப்பட்டார். சிறையிலிருந்த நாஜி எதிர்ப்பாளர் ஒசியட்ஸ்கிக்கு அமைதிப் பரிசு வழங்கப்பட்டதில் சினமுற்ற ஹிட்லர், ஜெர்மானியர் எவரும் நோபல் பரிசு பெறலாகாது என ஏற்கெனவே தடை விதித்திருந்தார்.

பதக்கமும் சான்றிதழும் 1949இல் கிடைத்தன. பரிசுத் தொகை கிடைக்கவில்லை. அதே ஆண்டில், ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து இரத்த மாதிரிகளைப் பெற்ற மரபியலாளர் ஃபெர்ஷுயரைக் குற்றமற்றவராகக் காட்டிய அறிக்கையில் பூட்டனான்டும் கையொப்பமிட்டார். இது மன்னிக்கக் கடினமானது. ஆனாலும் 1960 முதல் 1972 வரை மாக்ஸ் பிளாங்க் கழகத்துக்கு அவரே தலைவர்.

எஸ்ட்ரோனின் நெருங்கிய உறவான எஸ்ட்ரடையாலைத் தோல்வழி செலுத்தும் பட்டைக்கு அமெரிக்கா 1986இல் அனுமதி அளித்தது. மாத்திரையைப் போல் முதலில் கல்லீரலுக்குச் செல்லாமல் மருந்து நேரே இரத்தத்தில் கலப்பதால், இரத்தம் உறையும் அபாயம் குறைவு. கருப்பை உள்ள பெண்களுக்குப் புரொஜெஸ்டிரோனோ அதையொத்த மருந்தோ உடன் தரப்படுகிறது. பூட்டனான்ட் 1995இல், 91 வயதில், மியூனிக்கில் காலமானார்.