திண்டுக்கல்லில் தொடங்கிய தேடல்!

திண்டுக்கல் என்றதும் மலைக்கோட்டையும் பூட்டும் நினைவுக்கு வரும். சிறுமலை வாழைப்பழமும் புகையிலையும் தோல் பதனிடும் தொழிலும் அடுத்து வரும். தமிழிசை ஆராய்ச்சியின் வரலாற்றிலும் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. ஆசிரியர் பயிற்சிக்காக இங்கு வந்த நெல்லைச் சீமை இளைஞர் ஒருவர், இந்த ஊரில்தான் பிடில் வாசிக்க முறையாகப் பயின்றார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட இசை ஆராய்ச்சி நூலை அவர் வெளியிட்டார். அவர்தான் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

தென்காசிக்கு அருகேயுள்ள சாம்பவர் வடகரையில் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் முத்துசாமி - அன்னம்மாள் தம்பதிக்கு மகனாகப் பிறந்தவர் பண்டிதர். எளிய கிறிஸ்தவக் குடும்பம். பதின்பருவத்தில் திண்டுக்கல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். பயிற்சி முடிந்ததும் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியராகப் பணியாற்றும் வாய்ப்பும் கிடைத்தது.

அன்றைய திண்டுக்கல்லை நினைத்துப் பார்க்க வேண்டும். திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் ரயில் பாதை 1875-இல்தான் இந்த ஊர் வழியாகத் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே, தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் நினைவுகூரும் கொடும் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பிடித்தது. மானாவாரி விவசாயத்தை நம்பியிருந்த இந்தச் சமவெளி மக்களுக்கு அது எத்தகைய காலம் என்பதை விவரிக்கத் தேவையில்லை. வயிற்றுக்கு வழி தேடுவதே வாழ்க்கையாக இருந்த அந்தக் காலத்தை ஒட்டித்தான், சொத்துப் பின்னணி ஏதுமற்ற ஓர் இளைஞர் இசை கற்க விரும்பினார்.

திண்டுக்கல்லில் வாழ்ந்த சடையாண்டிப் பத்தர் அவருக்கு இசை ஆசிரியராக வாய்த்தார். வீணைக்கும் கிதாருக்கும் மெட்டுகள் உண்டு. எந்த மெட்டில் விரலை வைத்தால் எந்தச் சுரம் பிறக்கும் என்பதைக் கருவி செய்தவரே தீர்மானித்து வைத்திருப்பார். பிடிலுக்கு மெட்டுகள் இல்லை. வாசிப்பவரின் விரலும் காதும்தான் சுரத்தின் இடத்தைக் கண்டறிய வேண்டும். விரல் ஒரு நூலளவு நகர்ந்தாலும் சுரம் பிசகிவிடும். ஒரு சுரத்தின் சரியான இடம் எது, அதைத் தீர்மானிக்கும் கணக்கு எது என்னும் கேள்விதான் பின்னாளில் பண்டிதரின் வாழ்நாள் ஆராய்ச்சியாக விரிந்தது. பிடில் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் நாள்தோறும் விரல் நுனியில் சந்திக்கும் கேள்வியும் அதுவே.

அதே காலத்தில் அவருக்குச் சித்த மருத்துவத்திலும் நாட்டம் இருந்தது. மூலிகைகளைத் தேடிச் சென்றவருக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் சுருளி மலையில் கருணானந்தர் என்னும் துறவியின் தொடர்பு கிடைத்தது. அவரிடமிருந்து மருத்துவ முறைகளைக் கற்றார். தம்முடைய மருந்துகளுக்கும் மருந்தகத்துக்கும் தோட்டத்துக்கும் பின்னர் எழுதிய நூலுக்கும் கருணை என்ற சொல்லோடு பெயர் சூட்டியது, அந்தக் குருவுக்கு அவர் செலுத்திய காணிக்கை. கிறிஸ்தவராகப் பிறந்து, இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்த ஒருவர், மலையில் வாழ்ந்த துறவியைக் குருவாக ஏற்பதில் தயக்கம் காட்டவில்லை என்பது இன்றைக்கு நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

1882-இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அம்மையாரும் ஆசிரியர். இருவரும் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பணியாற்றினர். 1890-இல் அந்தப் பணியைத் துறந்து முழுநேர மருத்துவரானார் பண்டிதர். அவர் தயாரித்த மாத்திரைகளும் மருந்துகளும் தமிழகத்துக்கு வெளியிலும் விற்பனையாயின. செல்வம் சேர்ந்தது. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் அமைத்து, மூலிகைகளையும் பயிர்களையும் சோதனை முறையில் வளர்த்தார். மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். 1909-இல் ஆங்கில அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

வேறொருவராக இருந்தால் அத்துடன் நிறைவடைந்திருப்பார். பண்டிதரோ, சேர்த்த செல்வத்தை இசை ஆராய்ச்சியில் செலவிட்டார். கர்நாடக இசையோடு மேற்கத்திய இசையின் இலக்கணத்தையும் பயின்றார். தமிழில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகளை இயற்றினார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அமைப்பை நிறுவி, 1916-க்குள் ஏழு இசை மாநாடுகளைத் தஞ்சையில் கூட்டினார். பாடகர்களும் வீணைக் கலைஞர்களும் நாகசுரக் கலைஞர்களும் அறிஞர்களும் அங்கே கூடி விவாதித்தனர். செலவு பண்டிதருடையது. அரசு மானியமோ பல்கலைக்கழகப் பதவியோ அவருக்கு இருந்ததில்லை.

அவர் எழுப்பிய கேள்வி எது? ஆதார சட்சத்தின் அதிர்வெண்ணைப்போல இரு மடங்கு அதிர்வெண் கொண்டது மேல் சட்சம். தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் சட்சம் ஒலிக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியை எப்படிப் பகுப்பது? பரதர், சார்ங்கதேவர் ஆகியோரின் வடமொழி நூல்கள் 22 சுருதிகள் என்றன. பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துணைகொண்டு, பண்டைத் தமிழர் அந்த வெளியை 12 சம பாகங்களாகவும், மேலும் நுட்பமாக 24 சம பாகங்களாகவும் பகுத்தனர் என்றார். அந்த 24-இல் இரண்டு அலகுகளைக் குறைத்துப் பாடும் முறையைச் சரியாக விளங்கிக்கொள்ளாததால்தான் 22 என்னும் எண் நிலைபெற்றது என்பது அவருடைய வாதம்.

பொருளியல் படித்த எனக்கு, இந்தச் சம பாகம் என்பதைக் கூட்டு வட்டியாகப் பார்ப்பது எளிதாக இருக்கிறது. நூறு ரூபாயை ஆண்டுக்கு ஏறத்தாழ 5.946 விழுக்காடு கூட்டு வட்டிக்கு விட்டால், 12 ஆண்டுகளில் அது இருநூறு ஆகிவிடும். 12 சுரத்தானங்களும் அப்படித்தான் ஏறுகின்றன. ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் அதே விழுக்காடு கூடி, பன்னிரண்டாம் படியில் இரட்டிக்கிறது. 24 படிகள் என்றால் வட்டி விகிதம் ஏறத்தாழ 2.93 விழுக்காடு. கணிப்பொறி இல்லாத காலத்தில் இந்தக் கணக்குகளையும் அவற்றுக்குரிய தந்தி நீளங்களையும் அட்டவணை அட்டவணையாகத் தம் நூலில் தந்திருக்கிறார் பண்டிதர்.

சம பாகம் ஏன் தேவைப்படுகிறது? இயற்கையான பஞ்சமம் ஆதார சட்சத்தைப்போல ஒன்றரை மடங்கு. பஞ்சமத்துக்குப் பஞ்சமம் என்று 12 முறை ஏறினால், ஏழு தாயிகள் கடந்து மீண்டும் சட்சத்துக்கு வந்து சேர வேண்டும். ஆனால் ஒன்றரையை 12 முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 வருகிறது, இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 வருகிறது. வட்டம் மூடவில்லை. எந்தச் சுரத்தையும் ஆதாரமாகக் கொண்டு புதிய பண்ணைப் பிறப்பிக்க வேண்டுமானால் வட்டம் மூடியாக வேண்டும். பன்னிரண்டு இராசிகளை வட்டமாக வைத்துச் சிலப்பதிகார உரை விளக்கும் பாலை முறை அப்படி மூடிய வட்டம் என்பதே பண்டிதரின் கண்டுபிடிப்பு.

உலகின் வேறு பகுதிகளிலும் இதே சிக்கல் எழுந்தது. அறிவியலாளர் கலீலியோவின் தந்தையும் இசைக் கலைஞருமான வின்சென்சோ கலிலி, 16-ஆம் நூற்றாண்டில் லூட் என்னும் தந்திக் கருவிக்கு மெட்டு அமைக்க ஒரு தோராய விகிதத்தைத் தந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் சீனத்தின் மிங் அரச மரபைச் சேர்ந்த சூ சாய்யூ அந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட்டார். இன்று ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கலைஞரின் கிதாரிலும் திண்டுக்கல் திருமண மேடையில் ஒலிக்கும் கிதாரிலும் மெட்டுகள் அதே கணக்கின்படி அமைந்துள்ளன. பன்னிரண்டாம் மெட்டு தந்தியைச் சரிபாதியாகப் பகுக்கிறது. அந்தக் கணக்கு நம் பழைய நூலிலும் பொதிந்திருக்கிறது என்று காட்ட முயன்றார் பண்டிதர்.

இதற்கு முன்னோடியாக மற்றொருவரின் உழைப்பு இருந்ததையும் மறக்கக் கூடாது. சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையுடன் 1892-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்திராவிட்டால், பண்டிதரின் ஆராய்ச்சிக்கு அடித்தளமே இருந்திருக்காது. ஓலைச்சுவடியைத் தேடியவரின் உழைப்பு, தந்தியை அளந்தவருக்குப் பயன்பட்டது. ஆராய்ச்சி ஒருவரோடு முடிவதில்லை.

1916-இல் பரோடாவில் நடைபெற்ற முதல் அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் குடும்பத்துப் பெண்களுடன் சென்றார் பண்டிதர். பாத்கண்டே முன்னின்று நடத்திய மாநாடு அது. அங்கே தம் கொள்கையை விளக்கியதுடன், குடும்பத்துப் பெண்களைக் கொண்டு இசைத்தும் காட்டினார். பெண்கள் பொதுமேடையில் இசைப்பது அரிதாக இருந்த காலம் அது. 22 சுருதிக் கொள்கையை ஏற்றவர்களும் அந்த மாநாட்டில் இருந்தனர். விவாதம் அங்கே முடிந்துவிடவில்லை. மறு ஆண்டில், 1917-இல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. தஞ்சையில் தாமே நிறுவிய, மின்விசையால் இயங்கிய அச்சகத்தில் அதை அச்சிட்டார். 1919 ஆகஸ்ட் 31-ஆம் நாள் தம் அறுபதாவது வயதில் காலமானார். நூலின் இரண்டாம் பகுதி 1946-இல்தான் வெளிவந்தது.

பண்டிதர் கூறிய அனைத்தும் நிலைபெற்றுவிட்டன என்று சொல்வது அவருக்கே நீதி ஆகாது. கடல்கொண்ட லெமூரியாவைப் பற்றி அவர் எழுதிய பகுதியை இன்றைய நிலவியல் ஏற்காது. சுருதிக் கணக்கிலும் மாற்றுக் கருத்துகள் உண்டு. தம்புராவோடு இழைந்து பாடுபவரின் காந்தாரம், சம பாகக் கணக்கிலிருந்து சற்றே விலகி இயற்கை விகிதத்தை நாடும். கமகத்தோடு பாடப்படும் சுரம் ஒரே புள்ளியில் நிற்பதும் இல்லை. ஆனால், பழந்தமிழ் நூல்களின் இசைச் செய்திகளை அளந்து பார்க்கத்தக்க கணக்காக மாற்றியவர் அவர். அவருடைய கணக்கை மறுப்பவரும் மறு கணக்கோடுதான் வர வேண்டியிருந்தது. விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் 1947-இல் வெளிவந்தது. பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன், பாணர் கைவழி என்னும் நூலில் அதனோடு மாறுபட்டு எழுதினார். ஒரு துறை வளர்வது இப்படித்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் எனக்குள்ள கவலையை இங்கே பதிவு செய்ய வேண்டும். பல ஆண்டுகள் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் படித்திருக்கிறேன். பொருளை நேரில் தொட்டறிந்து எழுதியவை அவற்றில் குறைவு. வேளாண்மையைப் பற்றி எழுதுபவர் வயலில் ஒரு பருவம் முழுவதும் நின்றதில்லை. நெசவைப் பற்றி எழுதுபவர் தறியில் அமர்ந்ததில்லை. பிறர் எழுதியதைத் தொகுத்து, அட்டவணை சேர்த்து, பட்டம் பெற்றுவிட முடிகிறது. இந்தக் குற்றச்சாட்டில் என் தலைமுறைக்கும் பங்கு உண்டு. நாங்கள்தானே அவற்றுக்கு ஒப்புதல் அளித்தோம்!

இன்றைய ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை இருக்கிறது. நூலகம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஒரு பாடகரின் சுரம் எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்பதை நொடியில் காட்டும் மென்பொருள்களும் உள்ளன. பண்டிதருக்கும் அவருடைய எதிர்த்தரப்பினருக்கும் இடையிலான வழக்கை, நூற்றுக்கணக்கான ஒலிப்பதிவுகளைக் கொண்டு ஒரு மாணவர் இன்று அளந்து பார்க்க முடியும். நாகசுரமும் தேவாரப் பண்களும் நாட்டுப்புறப் பாடல்களும் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் திண்டுக்கல் வட்டாரத்திலிருந்தே அந்த ஆய்வு தொடங்கலாம். ஆனால், அதற்கு முன் அந்த மாணவர் ஒரு கருவியையாவது கையில் எடுத்துச் சில ஆண்டுகள் பயில வேண்டும். விரலுக்குத் தெரியாத சுரத்தைத் திரையில் தெரியும் எண் கற்றுத் தந்துவிடாது.

ரயில் புதிதாக வந்திருந்த ஒரு சிற்றூரில், பஞ்சத்தை ஒட்டிய காலத்தில், வகுப்பு முடிந்த பிறகு பிடில் பயின்றவர் பண்டிதர். பட்டத்துக்காக அவர் கற்கவில்லை. பட்டம் பெறாததால் ஆராய்ச்சியைக் கைவிடவும் இல்லை. திண்டுக்கல் மலைக்கோட்டையைக் காட்டிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது, அதன் அடிவாரத்து ஊரில் பிடில் பயின்ற அந்த இளம் ஆசிரியரைப் பற்றியும் சேர்த்துச் சொல்வோம்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).