பனிக்கடலில் பென்சில் பிடித்தவர்!

உலகின் தென்கோடியில் உள்ள பனிக்கண்டம், அண்டார்டிகா. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கு சுற்றுலாக் கப்பல்கள் போகின்றன. பயணிகள் மேல்தளத்தில் நின்று பனிமலைகள், திமிங்கிலங்கள், பென்குவின்களைப் பார்த்து, கேமராவில் படம் பிடிக்கின்றனர். நூறு ஆண்டுகளுக்கு முன், இதே காட்சிகளைப் பென்சிலால் வரைந்து உலகுக்குக் காட்டினார் ஒருவர். அவர் பெயர் எட்வர்ட் வில்சன்.

இங்கிலாந்தில், செல்டன்ஹாம் நகரில், 1872 ஜூலை 23ம் தேதி பிறந்தார் வில்சன். தந்தை மருத்துவர். சிறு வயதிலேயே வயல்வெளிகளில் சுற்றி, பறவைகளைப் பார்த்து, கண்டதை எல்லாம் வரைவது இவரது பழக்கம். ஓவியத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார்.

மருத்துவம் படிக்கும் போது, 1898ல் காசநோய் வந்தது. உடல் தேற நீண்ட காலம் பிடித்தது. ஆனாலும், படிப்பை முடித்து மருத்துவரானார். 1901ல், ராபர்ட் ஸ்காட் தலைமையில் அண்டார்டிகா சென்ற, 'டிஸ்கவரி' கப்பலில் இடம் பிடித்தார். நோயில் இருந்து எழுந்தவர், உலகிலேயே குளிரான இடத்துக்குப் புறப்பட்டு விட்டார்!

மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பினார். 1910ல், ஸ்காட்டின் இரண்டாவது பயணத்தில், விஞ்ஞானிகள் குழுவுக்கே தலைவரானார். இம்முறை கப்பலின் பெயர், 'டெர்ரா நோவா'. அந்த டிசம்பரில், மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கி, மூன்று வாரம் ஊர்ந்து சென்றது கப்பல். மற்றவர்களுக்கு அது பெரும் சோதனை, வில்சனுக்கோ கொண்டாட்டம்!

அங்கே கோடையில் சூரியன் மறையாது. நள்ளிரவிலும் பனிக்கட்டிகள் மீது இளஞ்சிவப்பு ஒளி படரும். கடல்நாய்கள் எனப்படும் சீல்கள் பனிப்பலகைகளில் படுத்துத் தூங்கும். வெள்ளை வெளேர் என்ற பனிப்பறவைகள் கப்பலைச் சுற்றிப் பறக்கும். திமிங்கிலம் மூச்சு விட்டால், நீர்த்திவலை புகை போல எழும்பும். மாலுமிகள் பாடினால் போதும். அடேலி பென்குவின்கள் குடுகுடுவென ஓடி வந்து வேடிக்கை பார்க்கும்!

இதையெல்லாம் வில்சன் வரைந்தார். குளிரில் வண்ணம் கரைக்கும் தண்ணீர் உறைந்துவிடும். எனவே, வெளியே பென்சிலால் மட்டும் கோடு போடுவார். எந்த இடத்தில் என்ன நிறம் என்று ஓரத்தில் எழுதிக் கொள்வார். விரல் மரத்துப் போனால் கையுறைக்குள் கையை நுழைத்து, சூடேறியதும் மீண்டும் வரைவார். பிறகு, விளக்கொளியில் அமர்ந்து வண்ணம் தீட்டுவார்.

அந்தக் காலத்தில் உணவுக்காகவும், ஆராய்ச்சிக்காகவும் விலங்குகளைக் கொல்வது வழக்கம். வில்சனும் அதற்கு விதிவிலக்கல்ல.

பென்குவின்களிலேயே பெரியது, எம்பரர் பென்குவின். இது கொடும் குளிர்காலத்தில் முட்டையிடும். ஆண் பறவை, முட்டையைக் கால்களின் மேல் வைத்து, இரண்டு மாதங்களுக்கு மேல் பட்டினி கிடந்து அடைகாக்கும். ஊர்வனவற்றில் இருந்து பறவைகள் எப்படித் தோன்றின என்பதற்கு, அந்த முட்டையின் கருவில் விடை இருக்கும் என, அக்கால விஞ்ஞானிகள் நம்பினர்.

முட்டைகளைத் தேடி, 1911 ஜூன் 27ல் வில்சன், பவர்ஸ், செர்ரி கரார்ட் மூவரும் கிளம்பினர். அது சூரியனே உதிக்காத காலம். போக மட்டும், நூறு கி.மீ.,க்கு மேல் தூரம். காரவள்ளியில் இருந்து கொல்லிமலை உச்சிக்கு, 70 கொண்டை ஊசி வளைவுகளை வெறுங்கையோடு நடந்து ஏறினாலே நமக்கு மூச்சு வாங்கும். இவர்களோ, 340 கிலோ சுமையைச் சறுக்கு வண்டிகளில் ஏற்றி, இருட்டில் தாங்களே இழுத்தனர்!

குளிர், மைனஸ் 60 டிகிரி செல்சியசுக்கும் கீழே போனது. நடுங்கியதில் செர்ரி கரார்டின் பற்கள் உடைந்தன. ஒருநாள் புயல், கூடாரத்தையே தூக்கிச் சென்றது. கூடாரம் இல்லாவிட்டால் மரணம் நிச்சயம். நல்லவேளையாக, புயல் ஓய்ந்ததும் சரிவின் அடியில் அது கிடைத்தது. எடுத்த முட்டைகள் ஐந்து. வழியில் இரண்டு உடைந்தன. மூன்று முட்டைகளுடன், ஆகஸ்ட் 1ல் உயிரோடு திரும்பினர்.

விஞ்ஞானிகள் எதிர்பார்த்த விடை அந்த முட்டைகளில் இல்லை என்பது பின்னாளில் தெரிந்தது. ஆனால், நடுக்குளிர்காலத்தில் அப்பறவைகள் அடைகாப்பதை முதன்முதலில் நேரில் பார்த்தவர்கள் இந்த மூவரே!

அடுத்து, தென்துருவப் பயணம். 1912 ஜனவரி 17ல் ஸ்காட், வில்சன் உட்பட ஐவர் துருவத்தை அடைந்தனர். ஆனால், நார்வேயின் அமுண்ட்சென் குழு, 1911 டிசம்பர் 14லேயே அங்கு வந்து போயிருந்தது. ஏமாற்றத்துடன் திரும்பினர். பசி, களைப்பு, குளிர். அந்த நிலையிலும், வழியில் ஒரு மலையடியில், செடியின் அச்சுப் பதிந்த கற்களைக் கண்டார் வில்சன். மொத்தம், 16 கிலோ கற்களை வண்டியில் ஏற்றிக் கொண்டனர்.

ஐவரில் ஒருவரும் வீடு திரும்பவில்லை. மார்ச் மாத இறுதியில், ஸ்காட், பவர்சுடன் கூடாரத்திலேயே உயிர் துறந்தார் வில்சன். வயது, 39. நவம்பரில் தேடி வந்தவர்கள், வண்டியில் அந்தக் கற்களைக் கண்டனர். கடைசி வரை அவற்றை வீசி எறியவில்லை!

கற்களில் இருந்தது, 'குளோசோப்டெரிஸ்' என்ற, அழிந்து போன தாவரம். நம் நாட்டின் ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரிப் பகுதிகளிலும் இதே தாவரத்தின் படிவங்கள் கிடைக்கின்றன. இந்தியாவும் அண்டார்டிகாவும், 'கோண்டுவானா' என்ற ஒரே நிலப்பரப்பில் ஒட்டி இருந்தன என்பதற்கு, அது முக்கியச் சான்றானது.

இன்று அண்டார்டிகா செல்லும் பயணிகள், விலங்குகளிடம் இருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஒரு கல்லைக் கூட எடுத்து வரக் கூடாது. கண்ணால் பார்த்து, மனதில் பதிக்கலாம். வில்சனைப் போல் வரையலாம்.

மாணவச் செல்வங்களே... அதற்கு அண்டார்டிகா வரை போக வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஏரிக்கரையில் நிற்கும் கொக்கு போதும். ஒரு நோட்டும், பென்சிலும் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் கால் மணி நேரம் அதைப் பாருங்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள், வரையுங்கள். எட்வர்ட் வில்சனும் அப்படித்தான் தொடங்கினார்!