70 ரூபாய் ரேடியோ

மாமல்லபுரம் ஓட்டல் ஒன்றில் ரேடியோ பார்த்தேன். வளைந்த மரப்பெட்டி, டயல் வெளிச்சம், உள்ளே புளூடூத்! அன்றைக்கு அந்த வடிவம்தான் வருங்காலம். அப்பாவின் வால்வு ரேடியோவைச் செங்கல்பட்டில் எடைக்குப் போட்டவன் நான்.

ஜி.டி.நாயுடு ஞாபகம் வந்தது. 1893-இல் கோவை அருகே கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. 1920-இல் பொள்ளாச்சி–பழனிக்கு ஒரே ஒரு பஸ் விட்டார். பிறகு பாட்டரியில் ஓடும் சவரக் கருவி. 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை வெறும் 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்றார்! 1952-இல் இரண்டு பேர் போகும் கார், 2,000 ரூபாய். அரசு உரிமம் கிடைக்காமல் அதன் உற்பத்தி நின்றுபோனது. 1974-இல் மறைந்தார். வருங்காலத்தைச் சாமானியன் வீட்டுக்குள் கொண்டுவரப் பார்த்த மனுஷர். நமக்கோ இப்போது அந்தப் பெட்டியின் அழகு போதும்.

ஓட்டல்காரரிடம் விலை கேட்டேன். விற்பனைக்கு இல்லையாம்.