மாஜினியின் கடிதங்கள்

பாரதியாரின் ‘மாஜினியின் சபதம்’ வழியாகத்தான் எம்மில் பலருக்கு இத்தாலியின் விடுதலைப் போராளி மாஜினியைத் தெரியும். அவர் லண்டனில் பல ஆண்டுகள் அகதியாக இருந்தார். அங்கே அவருடைய தபாலை அரசாங்கம் இரகசியமாகப் பிரித்துப் படித்தது. அந்தக் கதையை நாம் அதிகம் பேசுவதில்லை.

1805 ஜூன் 22 அன்று ஜெனோவா நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர் அவர். இரகசியச் சங்கமொன்றில் சேர்ந்ததால் 1830இல் கைதானார். என்ன குற்றம் என்று தகப்பனார் ஆளுநரிடம் கேட்டாராம். தனியாக உலாவித் திரியும் கெட்டிக்கார இளைஞர்கள் என்ன யோசிக்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பது அரசுக்குப் பிடிக்காது என்பதே பதிலின் சாரம். சவோனா கோட்டைச் சிறையில் தாயார் எழுதிய கடிதங்களை அதிகாரிகள் படித்த பிறகே அவரிடம் கொடுத்தார்கள். அதனால் ஒன்றுவிட்ட சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்தால் இலத்தீன் சொற்கள் வரும்படி, தாயாரின் கடிதங்களுக்குள்ளேயே நண்பர்கள் செய்தியை ஒளித்து அனுப்பினார்கள்.

1831இல் நாட்டைவிட்டு வெளியேறி, மார்செய்யில் ‘இளைய இத்தாலி’ இயக்கத்தைத் தொடங்கினார். 1833இல் அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தார்கள். 1837 ஜனவரியில் லண்டன் வந்து சேர்ந்தார். தாயார் தந்த மோதிரத்தையும் சப்பாத்தையும்கூட அடகு வைத்த வறுமை. ஆனாலும் 1841இல், தெருவில் இசைப்பெட்டி வாசித்துப் பிழைத்த இத்தாலியச் சிறுவர்களுக்காக ஹட்டன் கார்டன் பகுதியில் இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார். எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு மூத்த அண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

1844இல் தமக்கு வரும் கடிதங்களில் ஏதோ பிசகு இருப்பதை அவர் கவனித்தார். தபால் முத்திரையின் மேல் இன்னொரு முத்திரை குத்தி, தாமதமான நேரத்தை மறைத்திருந்தார்கள். சாட்சி வைத்துக்கொண்டு தமக்கே கடிதங்களை அனுப்பிப் பார்த்தார். கசகசா, மணல், தலைமயிர் ஆகியவற்றை உள்ளே வைத்தார். கடிதம் வந்து சேர்ந்தபோது உள்ளே வைத்தவை காணாமற்போயிருந்தன. ஜூன் 14 அன்று தோமஸ் டன்கம் என்ற உறுப்பினர் இந்த முறைப்பாட்டைப் பாராளுமன்றத்தில் எழுப்பினார்.

உள்துறை அமைச்சர் சேர் ஜேம்ஸ் கிரஹாம் மார்ச் 1 அன்றே அதற்கான ஆணையில் கையொப்பமிட்டிருந்தார். ஒஸ்திரியத் தூதரின் வேண்டுகோள்தான் காரணம். இதில் அரசுக்கும் ஒரு நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. மாஜினி சும்மா கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர் அல்லர், ஆயுதக் கிளர்ச்சிகளைத் திட்டமிட்டவர். தன் மண்ணிலிருந்து நட்பு நாடொன்றுக்கு எதிராகச் சதி நடந்தால் எந்த அரசும் காது கொடுக்கும். எமக்கு நெஞ்சில் குத்துவது அடுத்த விடயம். படித்ததன் சாரம் ஒஸ்திரியாவுக்குப் போயிற்று. அடைக்கலம் தந்த அரசே, அகதி யாருக்கு அஞ்சி ஓடி வந்தாரோ அவர்கள் பக்கத்துக்குச் செய்தி கொடுத்தது.

மாஜினியுடன் கடிதத் தொடர்பில் இருந்த பண்டியேரா சகோதரர்கள் அந்த ஆண்டு கலாப்ரியாவில் கரையிறங்கினார்கள். ஜூலை 25 அன்று ஏழு தோழர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடன் போன ஒருவனே காட்டிக்கொடுத்தவன். லண்டன் தபால்தான் அவர்களைக் கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பலர் அப்படித்தான் நம்பினார்கள். ஒளித்துச் செய்த அரசால் அந்தப் பழியைக் கழுவவும் முடியவில்லை.

எழுத்தாளர் தோமஸ் கார்லைல் மாஜினிக்காகப் பத்திரிகையில் எழுதினார். ‘பஞ்ச்’ இதழ் கடித உறையில் ஒட்டுவதற்குக் கேலி ஒட்டிகளை வெளியிட்டது. மாஜினி கொலைக்கு ஆணையிட்டவர் என்ற பழைய பொய்யைச் சபையில் திருப்பிச் சொன்ன கிரஹாம், 1845இல் அதற்கு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. இரகசிய விசாரணைக் குழுக்கள் அமர்ந்தன. வெளிநாட்டுக் கடிதங்களின் சங்கேதம் அவிழ்க்கும் பிரிவை மூடினார்கள். அமைச்சரின் ஆணை அதிகாரத்தில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. அதற்கென்று முறையான சட்டம் வர 1985 ஆயிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் அமைச்சரின் கையொப்பத்தோடு நீதிபதி ஒருவரின் ஒப்புதலையும் கேட்டது. அதே சட்டத்தின்படி, நாம் எந்த இணையச் சேவையோடு எப்போது தொடர்புகொண்டோம் என்ற பதிவை 12 மாதம் வரை வைத்திருக்குமாறு இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிடலாம். அன்று உறையின் மேலிருந்த முத்திரையின் வேலைதான் இன்று இந்தப் பதிவுக்கும்.

1849இல் ரோமக் குடியரசின் மூன்று ஆட்சியாளர்களில் ஒருவராகச் சில மாதங்கள் இருந்த மாஜினி, மீண்டும் லண்டனுக்கே திரும்பினார். இத்தாலி ஒன்றான பிறகு, 1866இல் மெசினா மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்தார்கள். பழைய மரண தண்டனையைக் காட்டி அத்தெரிவை இரத்துச் செய்தார்கள். 1872 மார்ச் 10 அன்று பீசாவில் ஒரு நண்பர் வீட்டில் அவர் கண்மூடினார். சொந்த நாட்டில் அவர் அப்போது தங்கியிருந்தது ஓர் ஆங்கிலப் பெயரில்.