தில்லையாடி வள்ளியம்மை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களினின்று வேலை நாடி வருவோரை ஆவடி இரயிலிற் காணுந்தோறும், இவர்கள் நம்மவர் பிழைப்பைக் கவர வந்தவர் என்று சிலர் முணுமுணுத்தலைக் கேட்கின்றோம். அப்பொழுதெல்லாம் பதினாறு பிராயத்தில் மறைந்த தமிழ் நங்கையொருத்தியின் சரிதம் நம் நினைவிற்கு வருகின்றது. அவள் காலத்தில் இப்பழி தமிழர்மீதே சுமத்தப்பட்டிருந்தது.

தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு 1860இல் சென்னைத் துறையினின்று ‘ட்ரூரோ’ என்னுங் கப்பலில் 342 பேர் சென்றனர். தாமாகப் புகுந்தவரல்லர், தோட்ட முதலாளிகளே ஆள் வேண்டுமென்று வருவித்தனர். ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டில் மாதச் சம்பளம், உணவு நீங்கலாக, 10 ஷில்லிங். ஐந்தாண்டு தீர்ந்தபின் அவர்களிற் சிலர் காய்கறி பயிரிட்டும் சிறுகடை வைத்தும் பிழைக்கத் தலைப்படவே, வந்தேறிகள் நாட்டின் செல்வத்தை உறிஞ்சுகின்றனர் என்னுங் கூக்குரல் வெள்ளையரிடை எழுந்தது. கரும்பினால் விளைந்த செல்வம் எவர் பெட்டியிற் சேர்ந்ததென்று கேட்டார் சிலரே. 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் தீர்ந்தும் ஊர் திரும்பாதார்க்குத் தலைக்கு ஆண்டொன்றுக்கு 3 பவுன் வரி விதித்தது. 3 பவுனாவது 60 ஷில்லிங். முதலாண்டுக் கூலியில் ஆறு மாதச் சம்பளம்! பதினாறு வயது கடந்த மகனும் பதின்மூன்று கடந்த மகளும் இதற்குத் தப்பவில்லை. பெற்றோரும் இரு மக்களுமாகிய ஏழைக் குடும்பம் 12 பவுனுக்கு எங்கே போகும்?

வள்ளியம்மை 1898 பிப்ரவரி 22இல் ஜோகானஸ்பர்க்கிற் பிறந்தாள். தந்தை முனுசாமி முதலியார் சிறு வணிகர். தாய் மங்களத்தின் ஊராகிய தில்லையாடி, சீகன்பால்கு ஐயர் 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடிக்கு மிக அணித்து. மகளோ அவ்வூரைக் கண்டவளல்லள்.

1913இல் கேப் மாகாண நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. மிஷன் கல்லூரியிற் பயிலும் நமக்கு இதனை எழுதவும் நாணமாகின்றது. காந்தியடிகள் தொடங்கிய அறப்போரில் அதன்பின் பெண்டிரும் புகுந்தனர். 3 பவுன் வரி நேட்டாலுக்கே உரியது. டிரான்ஸ்வாலில் வாழ்ந்த வள்ளியம்மை வீட்டார் அதனைக் கட்டவேண்டியவரல்லர். ஆயினும் அவள் தாயுடன் நேட்டாலுக்குச் சென்றாள். அவ்வாண்டு டிசம்பரில், அனுமதிச் சீட்டின்றி எல்லை கடந்த குற்றத்திற்காக மூன்று மாதக் கடுங்காவல் பெற்று மாரிட்ஸ்பர்க் சிறை புகுந்தாள். அங்கே கொடிய சுரங் கண்டது. முன்னதாக விடுவிக்க அதிகாரிகள் இசைந்தும் அவள் மறுத்தாளென்பர். எலும்புந் தோலுமாய் வெளிவந்தவள், 1914 பிப்ரவரி 22இல், தான் பிறந்த நாளிலேயே, உயிர் துறந்தாள்.

அவ்வாண்டின் நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டத்தால் 3 பவுன் வரி ஒழிந்தது, அத்திருமணங்களும் செல்லுபடியாயின. ஜூலை 15இல், காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டு நீங்குதற்குச் சில நாள் முன்னர், பிராம்ஃபான்டீன் இடுகாட்டில் அவர் முன்னிலையில் வள்ளியம்மையின் நினைவுக்கல் திறந்துவைக்கப்பட்டது.