கடல் கடந்து வந்து எம்மவரான டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார்

கொழும்பு வாழ் தமிழ்ப் பெண்களின் பொதுப்பணி வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நினைவுகூர வேண்டியவர் டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார் ஆவார். அம்மையார் தமிழ்க் குடியிற் பிறந்தவரல்லர், சைவரும் அல்லர். கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873 ஆம் ஆண்டு பிறந்த அவரது இயற்பெயர் மேரி ஹெலன் இர்வின் என்பதாகும்.

பெண்கள் வைத்தியம் கற்பதே அரிதாயிருந்த அக்காலத்தில் அவர் ரொறன்ரோ நகரில் அக்கல்வியைக் கற்றுத் தேறினார். யாழ்ப்பாணத்து இணுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென ஆஸ்பத்திரி ஒன்றை நிறுவ முயன்று கொண்டிருந்த நேரம் அது. ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசி, பிள்ளைப்பேற்றின்போது வீட்டிலேயே உயிர்விட்ட தாய்மார் எமது ஊர்களில் அனேகர். அக்குறையைப் போக்க அம்மையார் வைத்தியராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். புறப்படுமுன் அமெரிக்காவில் கல்வி கற்றுக்கொண்டிருந்த இலங்கைத் தமிழரான எஸ். சி. கே. இரத்தினம் அவர்களைச் சந்தித்து, 1896 இல் திருமணம் செய்துகொண்டார்.

அங்கேதான் வந்தது சோதனை. கறுப்பு நிறத்தவரான சுதேசி ஒருவரை மணந்த வெள்ளைக்காரப் பெண்மணியை மிஷனரி வைத்தியராக ஏற்க மிஷன் மறுத்துவிட்டது. எந்த மக்களுக்குத் தொண்டு செய்ய அழைத்தார்களோ, அந்த மக்களுள் ஒருவரைக் கைப்பிடித்ததே குற்றமாகிவிட்டது! இணுவில் ஆஸ்பத்திரியை வேறொருவர் நடத்தினார். வேறொருவராயின் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். அம்மையாரோ கொழும்பிலேயே தங்கிவிட்டார். அரசாங்க மகளிர் வைத்தியசாலையில் சில காலம் கடமையாற்றிய பின்னர் சொந்தமாகவே வைத்தியம் செய்யலானார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே நோயாளரையும் பார்த்து வந்தார்.

மருந்து கொடுப்பதுடன் தம் கடமை முடிந்ததென அவர் எண்ணவில்லை. 1904 இல் இலங்கைப் பெண்கள் சங்கம் தோன்றியபோதும், 1909 இல் கொழும்பிலே தமிழ் மகளிர் சங்கம் அமைக்கப்பட்டபோதும் முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். இச்சங்கத்தின் கலாலயம் என்னும் இசை நடனப் பள்ளியைக் கொழும்பில் அறியாதவர் குறைவு. ஆயினும் அச்சங்கத்தின் தொடக்கத்தில் ஒரு கனடியப் பெண்மணியின் கையும் இருந்ததென்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பாடசாலைப் பிள்ளைகளுக்கெனச் சுகாதாரநூலும் மனையியல் நூலும் அவர் எழுதினார்.

1927 இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சங்கம் அமைத்தவர்களோடும் அம்மையார் சேர்ந்து உழைத்தார். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை என ஆணைக்குழு விதந்துரைத்த போதிலும், 1931 இல் இருபத்தொரு வயது நிரம்பிய இருபாலாருக்கும் அது கிடைத்தது. மறு ஆண்டே கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து திருமதி நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1937 இல் அம்மையாரும் வெள்ளவத்தைக்கு அயலான பம்பலப்பிட்டியில் போட்டியிட்டு வென்று, கொழும்பு மாநகர சபையின் முதற் பெண் உறுப்பினரானார். பின்னர் தேர்தற் சட்ட நுணுக்கமொன்றின் பேரில் அப்பதவி பறிபோயிற்று. மக்கள் தந்ததைச் சட்டம் பறித்தது. அதற்காக அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை.

அவரது பெரும்பணி கிராமங்களிலேயே நடந்தது. ஒன்ராறியோவில் அடிலெயிட் ஹூட்லெஸ் என்னும் தாயார், அசுத்தமான பாலைக் குடித்த தம் ஆண்குழந்தையை இழந்தார். அத்துயரின் பின் வீட்டுச் சுகாதாரம் பற்றிய அறிவை ஏனைய தாய்மாருக்கும் பரப்பத் தலைப்பட்டார். அம்முயற்சியின் வழியே 1897 இல் கிராமப் பெண்களின் சங்கம் ஒன்று உருவாகி, பின்னர் பல நாடுகளிலும் பரவியது. தாம் பிறந்த மாகாணத்தின் அந்த முறையைப் பின்பற்றியே அம்மையார் 1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடக்கினார். குழந்தை வளர்ப்பு, போசாக்கு, கிணறு மலகூடச் சுத்தம், நோயாளியைப் பராமரித்தல், தையல், நெசவு, வீட்டுத்தோட்டம் ஆகியன அங்கே கற்பிக்கப்பட்டன. பட்டணத்துப் பெண்கள் காரில் வந்து புத்திமதி கூறிச் செல்லும் சங்கமாக அது இருக்கவில்லை. கிராமத்துப் பெண்களே கூடி, தாமே நடத்தினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவதே வெட்கமெனக் கருதப்பட்ட 1930களில் அதனையும் அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார். எதிர்ப்புகள் பலமாகவே இருந்தன. ஆண்டுதோறும் பெற்று நலிந்த தாய்மாரைக் கண்ணாரக் கண்ட வைத்தியர் வேறு எதைப் பேசுவார்?

1958 ஆம் ஆண்டு மகசாசே விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, பொதுச்சேவைக்கான விருது அம்மையாருக்குக் கிடைத்தது. ஆசாரிய வினோபா பாவேயும் அவ்வாண்டு விருது பெற்றவரே. அதே 1958 இன் மே மாதத்திற்றான் கொழும்புத் தமிழர் அடிபட்டு, அகதிமுகாம் புகுந்து, கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர். சிங்களக் கிராமங்களின் தாய்மாருக்காகப் பல்லாண்டு உழைத்தவரோ இரத்தினம் என்னும் தமிழ்ப் பெயரைச் சுமந்தவர். இவ்விரண்டும் ஓராண்டிலே நிகழ்ந்தன.

1962 இல், தொண்ணூறை அண்மித்த வயதில் அம்மையார் காலமானார். இளம் மணமகளாகத் தாம் வந்திறங்கிய இந்நாட்டிலே அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்திருந்தார். அவர் தொடக்கிய சமித்தி அவருக்குப் பின்னரும் கிராமப் பெண்களிடையே தன் பணியைத் தொடர்ந்தது.